பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பாப்பாவுக்கு ஹெல்மெட் எடுத்தாச்சா?

ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. திருவான்மியூர் சிக்னல். சிவப்பு விளக்கு.

வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் ஒன்றில் நாலு பேர். பெட்ரோல் டாங்க் மேல் ஐந்து வயசுப் பையன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் தண்ணீர் பாட்டில். ஓட்டுகிற அப்பா தலையில் ஹெல்மெட். பின்னால் அம்மா, மடியில் கைக்குழந்தை. இந்த மூன்று பேர் தலையிலும் ஒன்றும் இல்லை. அம்மாவின் தோளில் புத்தம் புதுப் பை தொங்குகிறது. மூணு மாடிக் கடையில் ஏறி இறங்கி, நிறம் பார்த்து, பேரம் பேசி வாங்கிய பை. குடும்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்குக் கிளம்பிவிட்டது.

பச்சை விழுந்தது. வண்டி பறந்தது.

லீவு நாளில் அந்த சிக்னலில் அரை மணி நேரம் நின்றால் இப்படி எத்தனையோ வண்டிகள் போகும். பூங்காவுக்கு உள்ளே ராட்டினத்தில் ஏறும்போது பெல்ட் போட்டாச்சா, கம்பி பூட்டியாச்சா என்று பத்துத் தடவை பார்க்கிற அதே அப்பாதான், போகிற வழியில் பிள்ளையை வெறும் டாங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு பஸ்சை முந்துகிறார். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஏறப்போகிற சவாரிகளிலேயே மிகவும் ஆபத்தானது இதுதான். இதற்கு டிக்கெட்டும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது.

சென்னைவாசிகளுக்கு இப்போது பூங்காக்களுக்குப் பஞ்சம் இல்லை. ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு என்று பழைய பெயர்கள் இருக்கின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் பெரிய பூங்கா ஒன்று திறந்தார்கள். வடசென்னையில் இருந்து அங்கே போக 40 கிலோ மீட்டருக்கு மேல். தி.நகரில் இருந்து திருப்போரூருக்கு 519ம் நம்பர் பஸ் இருக்கிறது. அரசு பஸ்சில் 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஆனாலும் நாலு பேருக்கு பஸ், அப்புறம் ஆட்டோ என்று கணக்குப் போட்டால், "பைக்லயே போயிடலாம்" என்றுதான் வீட்டில் முடிவாகிறது. அந்த முடிவைக் குறை சொல்வது சுலபம். நுழைவுச் சீட்டுக்கே நாலு பேருக்குச் சேர்த்து ஆயிரக்கணக்கில் கொடுக்கிற குடும்பம், வழிச்செலவில்தான் கையைக் கடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இரு சக்கர வண்டியில் ஹெல்மெட் கட்டாயம். ஓட்டுபவர் தவிர ஒருவர்தான் ஏறலாம். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தனி விதி போட்டது. ஒரு வருஷம் அவகாசம் கொடுத்து, 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. குழந்தையின் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் வேண்டும். குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கிற பெல்ட் வேண்டும். வண்டி 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

இந்த பெல்ட்டை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? அது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. குழந்தைக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடலாம். அதில் இருந்து வருகிற பட்டைகளை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ எடை தாங்க வேண்டும், தண்ணீர் பட்டால் கெடக் கூடாது, நைலானில் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பிள்ளை தூங்கிச் சரிந்தாலும் வண்டியை விட்டு விழாது. பூங்காவில் நாள் முழுக்க ஆட்டம் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது எந்தப் பிள்ளை தூங்காமல் வருகிறது?

அடுத்தது ஹெல்மெட். கடைக்குப் போய்க் கேட்டால், "சின்னப் பசங்களுக்கா? இது போட்டுப் பாருங்க சார்" என்று பெரியவர்கள் சைசில் ஒன்றை எடுத்துக் கவிழ்ப்பார்கள். அது முன்னும் பின்னும் ஆடும். ஆடுகிற ஹெல்மெட் போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விற்கிறார்களே, அதில் சின்ன சைஸ் கிடைக்கும். கார்ட்டூன் படம் போட்டு, பளபளவென்று இருக்கும். உள்ளே கையை விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியான தெர்மோகோல் அடுக்கு இல்லாமல் வெறும் பஞ்சு மட்டும் இருந்தால், அது பிளாஸ்டிக் கிண்ணம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூனில் இருந்து குற்றம். தார்ப்பாய்க்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அவர்களைத் தாண்டிப் போகிற போலீஸ் ஜீப்பும் நிற்பதாகத் தெரியவில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு ஒரு சலுகையும் விதியில் இருக்கிறது. சர்வதேசத் தரத்தில் உள்ள சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாம். எடை குறைவு, பிஞ்சுக் கழுத்துக்கு நல்லது. நல்ல சைக்கிள் கடைகளிலும், பெரியமேடு விளையாட்டுச் சாமான் கடைகளிலும் விசாரித்துப் பார்க்கலாம். மாட்டிவிட்டுத் தலையை ஆட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம். கை நுழைந்தால் வேண்டாம்.

கார் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை, அதைச் சுற்றி ஒரே பெல்ட் என்பது பெரிய ஏமாற்று. பிரேக் அடித்தால் அம்மாவின் எடை முழுவதும் குழந்தை மேல் விழும். வேன் பிடித்து இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறவர்கள் கதை தனி. பின் சீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள், ஜன்னல் வழியாக வெளியே நாலைந்து கைகள்!

சரி, வாசலுக்கு வந்தாச்சு. அங்கே ஒரு கூத்து நடக்கும்.

பூங்காக்காரர்களுக்குப் பிள்ளையின் வயசு முக்கியம் இல்லை. உயரம்தான் கணக்கு. பெரிய ராட்டினங்களுக்கு 120 சென்டி மீட்டர், 140 சென்டி மீட்டர் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். ஒரு மாதமாக, "அந்தப் பெரிய ராட்டினத்துல ஏத்தி விடறேன்டா" என்று ஆசை காட்டி அழைத்து வந்த பையன், முக்கால் மணி நேரம் கியூவில் நின்று, கடைசியில் அளவுக் கம்பத்துக்குக் கீழே நாலு விரல் குறைவாக நிற்பான். அவன் அழுகிற அழுகையில் அப்பாவுக்குக் கோபம் வந்து ஊழியரிடம் சண்டைக்குப் போவார். "நான் பிடிச்சுக்கிறேன் சார், விடுங்க" என்பார். "இல்ல சார், ரூல்ஸ்" என்பார் ஊழியர். ஊழியர் பக்கம்தான் நியாயம். இடுப்புக் கம்பி பெரிய உடம்புக்குச் செய்தது. குட்டையான பிள்ளை அதன் அடியில் நழுவிவிடும். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து, பூங்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் இந்த அழுகை இல்லை.

அதே போனில் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். ஒன்று, கைக்குழந்தைக்குப் பாலும் கஞ்சியும் உள்ளே கொண்டுபோக விடுவார்களா? பெரும்பாலான இடங்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. கேட்டில் பையைக் கொட்டிச் சோதிக்கும்போது புளிசாதத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். இன்னொன்று, குளத்தில் இறங்க என்ன உடுப்பு? காட்டன் சட்டை, ஜீன்ஸ், சேலையோடு விடமாட்டார்கள். நைலான் உடை வேண்டும். இல்லையென்றால் அங்கேயே வாடகைக்கோ விலைக்கோ எடுக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு செட் வாங்கி வைத்தால் அடுத்த வருஷம் தம்பிக்கும் ஆகும்.

குளத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். காற்றடித்துக் கையில் மாட்டுகிற பலூன் பட்டை, இடுப்பில் மாட்டுகிற வாத்து டியூப் எல்லாம் பொம்மைகள். உயிர் காக்கிற சாமான் அல்ல. கவிழ்ந்தால் பிள்ளையின் தலை கீழே, கால் மேலே. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி "அம்மா, அம்மா" என்று கத்தாது. சத்தமே வராது. பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்குத் தெரியாது. பிள்ளை குளத்தில் இருக்கிறவரை பெரியவர் ஒருவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். போன் பையில் இருக்கட்டும்.

கழுத்துச் செயின், கொலுசு, அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். தண்ணீர்ச் சறுக்கலில் போன நகை திரும்பி வராது. கூட்டத்தில் குழந்தையின் கழுத்தைக் குறிவைக்கிற ஆசாமிகளுக்கும் லீவு நாள்தான் சீசன்.

அதற்குப் பதிலாகக் கையில் வேறு ஒன்றைக் கட்டலாம். காணும் பொங்கல் அன்றைக்கு மெரினாவில் போலீசார் என்ன செய்கிறார்கள்? குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையை நிமிஷத்தில் சேர்த்துவிட முடிகிறது. பூங்காவுக்கும் அதே வித்தை போதும். தண்ணீரில் அழியாத மார்க்கர் பேனாவால் முன்கையிலேயே நம்பரை எழுதிவிடலாம். பேர் எழுத வேண்டாம். பேரைப் பார்த்துச் செல்லமாகக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் போய்விடும். காணோம் என்றால் ஊழியரிடம் சொல்லி, உடனே 112க்கு அடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு 1098 என்ற நம்பரும் இருக்கிறது.

கத்திரி வெயிலில் போகிறவர்களுக்குத் தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. மருந்துக் கடையில் கேட்கும்போது ஜாக்கிரதை. அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புத் தண்ணீருக்கு ஓ.ஆர்.எஸ். என்று பேர் வைத்துப் பல வருஷம் விற்றார்கள். அந்தப் பேரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று எழுதிய பொடிப் பொட்டலம்தான் அசல்.

இவ்வளவும் பெற்றோர் பாடு. பூங்காக்காரர்கள் பாடு என்ன? அதிகாரிகள் பாடு என்ன?

2012ல் பூந்தமல்லி பக்கத்துப் பூங்கா ஒன்றில் ராட்டினத்தில் இருந்து விழுந்து ஒரு விமானப் பணிப்பெண் செத்தார். 2016ல் தாம்பரம் அருகே ராட்டினத்தை ஓட்டிச் சோதித்தபோது ஊழியர் ஒருவர் பலி, பலருக்குக் காயம். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோய், குழந்தைகள் உள்பட 30 பேருக்கு மேல் மணிக்கணக்கில் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புப் படையினர் ஏணி வண்டி கொண்டுவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் பூங்காவுக்கு நோட்டீஸ், சில நாள் பூட்டு, அப்புறம் பத்திரிகைகளில் செய்தி நின்றுவிடுகிறது.

குழந்தைக்குத் தொப்பி வாங்கு, பட்டை கட்டு என்று பெற்றோருக்குப் பாடம் எடுக்கலாம். அந்த ராட்டினத்தின் போல்ட்டை யார் கடைசியாகப் பார்த்தார் என்பதை எந்த அம்மா கண்டுபிடிப்பது? லாரியின் முதுகில் எப்.சி. தேதி எழுதியிருக்கிறது. லிப்ட்டுக்குள் லைசென்சை ஒட்டியிருக்கிறார்கள். ராட்டினத்துக்கு மட்டும் ஏன் இல்லை? கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்த என்ஜினீயர் பேர், அடுத்த சோதனை எப்போது என்ற மூன்று வரியைத் தமிழில் எழுதி, கியூ ஆரம்பிக்கிற இடத்தில் மாட்ட வேண்டும். மாட்டாத ராட்டினத்தை வருவாய்த் துறையும் போலீசும் ஓட விடக் கூடாது.

போலீசாருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. லீவு நாள் காலையில் திருவான்மியூரிலும் சோழிங்கநல்லூரிலும் நின்று, குழந்தைக்கு ஹெல்மெட் இல்லாத வண்டிகளை ஓரம் கட்ட வேண்டும். 1000 ரூபாய் ரசீதைக் கிழிப்பதோடு விட்டால், அந்தக் குடும்பம் அப்படியே மிச்ச தூரத்தையும் போகும். சின்ன சைஸ் ஹெல்மெட் பத்துப் பன்னிரண்டு வைத்திருந்து, அங்கேயே மாட்டி அனுப்பிவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். பூங்கா முதலாளிகளிடம் கேட்டால் அந்த ஹெல்மெட்டுகளுக்குப் பணம் கொடுக்க மாட்டார்களா என்ன? மாலையில் அந்தப் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பினால்தானே அடுத்த லீவுக்கும் அவர்கள் வாசலில் கியூ நிற்கும்.

அப்படியே, உள்ளே ராட்டினத்தடியில் நட்டு வைத்திருக்கிற அந்த உயரக் கம்பத்தில் ஒன்றை டிக்கெட் கவுண்டருக்கு முன்னால், தெருவிலேயே நட்டுவிடலாம். காசு கொடுப்பதற்கு முன்பே பிள்ளையை நிறுத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

திருவான்மியூர் சிக்னலில் பறந்த அந்த மோட்டார் சைக்கிள் இரவு 7 மணிக்கு மேல் அதே வழியாகத் திரும்பும். எதிரே லாரி வெளிச்சம் கண்ணைக் கூசும். டாங்க் மேல் உட்கார்ந்திருக்கிற பையன் ஹேண்டில் பார் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.