அன்டனாவை எண்ணாதீர்கள், சுவரை எண்ணுங்கள்



பரீட்சை நெருங்கும்போது ஆசிரியர்களான எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது பாடத்தைப் பற்றியல்ல. "சேர், மேல்மாடியில வைஃபை இழுக்குதில்ல, சூம் கிளாஸ் கட் ஆகுது. நல்ல ரவுட்டர் ஒன்டு சொல்லுங்க" என்பதுதான்.

எங்கள் கருத்து இதுதான்: பெரும்பாலான வீடுகளுக்குத் தேவை பெரிய ரவுட்டர் அல்ல. வயரில் இணைத்த இன்னொரு அக்சஸ் பொயின்ட்.

நம்மூர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கீழே உம்மா, வாப்பா, மூத்த மகள் குடும்பம். இளைய மகளுக்காக பிளேட் போட்டுக் கட்டிய மேல்மாடி. பைபர் லைன் வீதிப் பக்கமிருந்து வருவதால் ரவுட்டர் முன் ஹோலில். இடையில் நாலைந்து சுவர், கம்பி கட்டிய கொங்கிரீட்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 கொஞ்சம் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. காத்தான்குடி, சாய்ந்தமருது போல சுவரோடு சுவராக வீடுகள் இருக்கும் ஊர்களில் அந்த மூன்றையும் எல்லா வீடுகளும்தான் பங்குபோட வேண்டும்.

"அப்ப ஆறு அன்டனா உள்ளத வாங்குவோம்" என்பார்கள். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், ஃபோனின் மெல்லிய குரல் திரும்பி ரவுட்டரைச் சேர வேண்டுமே! கோடுகள் நிறையக் காட்டியும் கிளாஸ் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளக்கில் குத்தும் எக்ஸ்டென்டர் மலிவுதான். ஆனால் வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுப்பதால், சாதாரண வகைகளில் வேகம் பாதியளவுக்குக் குறையும். அதையும் சிக்னலே இல்லாத அறையில் குத்துகிறார்கள். இல்லாததை அது எப்படி நீட்டும்? மெஷ் செட் நல்லது, விலை கூட. வயர் இழுக்க முடியாத வாடகை வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் நடுவில் கொங்கிரீட் பிளேட் இருந்தால் அதற்கும் அதே கஷ்டம்தான்.

வாங்குமுன் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரைத் தூசு தட்டுங்கள். பலவற்றில் அக்சஸ் பொயின்ட் மோட் உண்டு. இல்லாவிட்டால் அதன் முகவரியை மாற்றி, டி.எச்.சி.பி.யை நிறுத்தி, லேன் போர்ட்டில் வயரைக் குத்தினால் போதும். செலவு வயருக்கு மட்டும்.

புதிதாக வாங்குவோர் கடையில் கேட்க வேண்டியவை:

1. இரண்டு அலைவரிசையும் உள்ளதா? 100 எம்.பி.பி.எஸ். பக்கேஜுக்கு வைஃபை 5 போதும். நீண்ட காலத்துக்கு என்றால் வைஃபை 6.

2. போர்ட் கிகாபிட்டா? மலிவானவை சிலவற்றில் 100 எம்.பி.பி.எஸ்.தான்.

3. வயர் வழியாகவே மின்சாரம் எடுக்குமா? எடுத்தால் சீலிங்கில் பொருத்தலாம், தனி பிளக் வேண்டாம். ஒரே வயரில் 100 மீட்டர் வரை போகும்.

4. கேபிள் முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? முழுச் செம்பையே கேட்டு வாங்குங்கள்.

பொருத்தியபின் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுங்கள், 2.4இல் சனலை மட்டும் வேறாக வையுங்கள். பவரையும் உச்சத்தில் வைக்காதீர்கள். அது அண்டை வீட்டாருக்குத் தொல்லை, உங்களுக்கும் பெரிதாக இலாபமில்லை.

வீடு கட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணிக்கும் கரண்டுக்கும் பைப் வைக்கிறோம். பிளேட் போடுமுன், சுவர் பூசுமுன், மேல்மாடிக்கு இன்னொரு பைப்பையும் வைத்துவிடுங்கள். அதன் செலவு சொற்பம். பிறகு சுவரை உடைப்பதுதான் வீண்விரயம்.

இது ஆடம்பரம் பற்றிய பேச்சல்ல. ஹோலில் விருந்தாளிகள் இருக்கும்போது, கிளாஸுக்காக அங்கே வந்து உட்காரக் கூச்சப்பட்டு அன்றைய பாடத்தையே விட்டுவிடும் பெண் பிள்ளைகளை நாங்கள் அறிவோம். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன், அவளுடைய அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் எத்தனை சுவர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.