விளங்க எழுதுதல்

ஆண்டு விழா மேடையில் எம் மாணவச் செல்வங்கள் பேச்சிலும் பாட்டிலும் தமிழ் முழங்கக் கண்டு பெற்றோர் பூரிப்படைகின்றனர். யானும் பூரிப்படைகின்றேன். எனினும், ஒரு செயலைச் செய்யும் முறையைப் பிறருக்கு விளங்க எழுதும் தமிழை நாம் கற்பிக்கத் தவறிவிட்டோம் என்பது எனது கருத்து. தாயகத்தில் ஆசிரியனாக இருந்த காலத்தில் அலங்காரச் சொற்களுக்கே புள்ளிகளை அள்ளி வழங்கியவன் யான்; இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அண்மையில் என் வகுப்பினரிடம், பார்க்டேல் ஜேம்சன் அவெனியூ மாடிக்கட்டடமொன்றில் தீ அபாய மணி ஒலித்தால் வீட்டில் தனித்திருக்கும் அம்மம்மா யாது செய்தல் வேண்டும் என எழுதுமாறு பணித்தேன். ஒரு மாணவி எழுதினாள்: "கதவைத் திறந்து வெளியே செல்லுங்கள். கதவு சூடாக இருந்தால் திறக்காதீர்கள்." பிழையற்ற தமிழ்தான், ஆயினும் இரண்டாம் வாக்கியத்தை வாசிக்குமுன் அம்மம்மா கதவைத் திறந்திருப்பார்! எச்சரிக்கை செயலுக்கு முன்னே வரல் வேண்டும். இன்னொருவன் ஒரே பொருளை லிப்ட் என்றும் மின்தூக்கி என்றும் உயர்த்தி என்றும் மாற்றி மாற்றி எழுதியிருந்தான். கவிதையில் அஃது அழகு. இங்கோ அம்மம்மா மூன்று பொருள்களைத் தேடுவார். அவர் நாவில் வழங்கும் 'லிப்ட்' ஒன்றே போதும்.

இஃது எமக்குப் புதிய கலையன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு ஆக்கினார். கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடினார்; பின்னர் வடமொழியில்; அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு இசைவித்தார். தூய தமிழ் விரும்பும் நண்பர்கள் இதனைக் குறைகூறுவர். எனக்கு அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. சத்திரசிகிச்சை நூலில் ஒரு வாக்கியம் இருபொருள்பட்டால் வருந்துபவன் நோயாளியன்றோ?

பெற்றோர்களே, அடுத்த ஆண்டு பேச்சுப் போட்டியோடு செய்முறை எழுத்துக்கும் ஒரு பரிசு வைப்போம். சலவை இயந்திரத்தை இயக்கும் முறையை எழுதித் தருமாறு பிள்ளையிடம் கேளுங்கள். 'சிறிது சவர்க்காரத்தூள்' என எழுதினால், எவ்வளவு என்று கேளுங்கள்.

அந்த மாணவி திருத்தி எழுதிய தாளைத் தன் அம்மம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தாள். முழுவதையும் வாசித்துவிட்டு அவர் கேட்டாராம்: "அது சரி பிள்ளை, படிக்கட்டு எந்தப் பக்கம்?"

அதனை வகுப்பில் எவருமே, யான் உட்பட, கவனித்திருக்கவில்லை.