வரைபடம் ஊருக்குப் பொது. வயல் விவரம் சங்கத்துக்கு மட்டும்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவற்றில் இப்போது வேலைப் பங்கீடு கைபேசியிலேயே நடக்கிறது. அறுவடை இயந்திரம் முதலில் எந்த வயலுக்குப் போவது, விதை யாருக்குச் சேர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு செயலியில் எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்துவிடுகிறார்கள். வசதியான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் புள்ளி யாருடைய கணக்கில் போய்ச் சேருகிறது என்பதை நிர்வாகக் குழு முதலிலேயே விசாரித்துக்கொள்வது அவசியம்.

பட்டா, அ-பதிவேடு விவரங்களைச் சர்வே எண் கொடுத்தால் அரசு இணையதளத்தில் எவரும் பார்க்கலாமே, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அ-பதிவேடு நிலம் யாருடையது என்று சொல்லும். மஞ்சள் எந்த வாரம் வெட்டுக்கு வரும், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, யார் முன்பணம் கேட்டிருக்கிறார் என்பதை அது சொல்லாது. செயலியிலோ இவை அத்தனையும் ஓரிடத்தில் சேர்கின்றன. வட்டாரம் முழுவதும் எத்தனை ஏக்கர் எப்போது அறுவடையாகும் என்பது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்து, விற்பவருக்குத் தன் வயல் மட்டுமே தெரியுமானால், விலை பேசும்போது விவசாயியின் கைதான் தாழும்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. ஓட்டப்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் பெயர் எதுவும் இல்லை. இருந்தும், ஆப்கானிஸ்தான், சிரியா நாடுகளில் ராணுவ முகாம்கள் இருந்த இடங்கள் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரிவது 2018 ஜனவரியில் வெளிப்பட்டது. ஆளில்லாத இடத்தில் ஒரு புள்ளியே அடையாளம்.

இதற்கு மாற்று உண்டு. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் வரைபடத்தைத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைகிறார்கள். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இணையத்தில் பார்க்கும் வரைபடம் எதுவானாலும், நாம் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது அதை அனுப்பும் சர்வருக்குத் தெரியும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சே இல்லை. சிக்னல் கிடைக்காத காட்டிலும் வேலை செய்யும். அலுவலகத்துக்கு, சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது. கோப்பு, நாள்காட்டி, பணிப்பட்டியல், வரைபடம் எல்லாம் அதில் அடங்கும். படத்தின் துண்டுகள் அப்போதும் வெளி சர்வரிலிருந்து வரலாம். அமைத்துத் தருபவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. சர்வரைப் பராமரிக்க ஆளும் வேண்டும். சிறிய நிறுவனம் தனியாகச் சுமப்பதைவிட நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்வதே கட்டுப்படியாகும்.

பொது வரைபடத்தில் கிராமப்புறம் இன்னும் வெறிச்சென்றுதான் கிடக்கிறது. சாலை இருக்கும், மதகு இருக்காது. வாய்க்கால், வண்டிப்பாதை, நெற்களம், சங்கக் கிடங்கு ஆகியவற்றை உறுப்பினர்களே சேர்க்கலாம். வழி தெரியாமல் சுற்றும் லாரி ஓட்டுநருக்கும் அது உதவும். உரிமையாளர் பெயர், பயிர், ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழம் ஆகியவற்றை அதில் ஏற்றவே கூடாது. பொது வரைபடத்தில் போட்டதை உலகில் எவரும் நகலெடுத்துக்கொள்ளலாம். பிறகு அழித்தாலும் நகல் திரும்பாது. அவை சங்கத்தின் தனி ஏட்டில் இருக்க வேண்டியவை.

2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. ஆனால் ஒப்புதல் கொடுத்தது எதற்கு என்று தெரிந்தால்தான் திரும்பப் பெற முடியும். ஆகவே செயலியை ஏற்கும் முன் பொதுக்குழுவில் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். விவரம் எந்த சர்வரில் இருக்கும்? வேறு செயலிக்கு மாறினால் அத்தனையையும் கோப்பாகத் திரும்பத் தருவார்களா? விலகும் உறுப்பினரின் வயல் எத்தனை நாளில் நீக்கப்படும்?