பிள்ளை தடுமாறுவது எங்கே?



ஹட்டன் பக்கத்திலிருந்து ஓர் உம்மா கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஹிப்ழ் வகுப்பில் ஓதுகிறான். பதினைந்து ஜுஸ்உகள் மனனமாகிவிட்டன. ஆனால், ஒரு சூராவை ஓதிக்கொண்டு போகும்போது இடையில் வேறொரு சூராவுக்குத் தாவி விடுகிறானாம். கவனமில்லை என்று அடி விழுகிறது. இப்போது மத்ரஸா என்றாலே அழுகிறான். “ஓதலை நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

சகோதரியே, அவசரப்படாதீர்கள். முதலில், பிள்ளையின் மூளை எப்படிக் கேட்கிறது என்பதைப் பார்ப்போம்.

நமது மலைநாட்டு மழை உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருப்பீர்கள். சொட்டு, சொட்டு என்று ஒரே அளவில் விழும். நீங்கள் அடுப்படியில் வேலையாய் இருப்பீர்கள். ஒரு சொட்டுத் தவறினால் உடனே காது நிமிரும். ஏன்? அடுத்த சொட்டை மூளை ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தது. பின்லாந்து நாட்டு ஆய்வாளர் நாட்டானென் 1978ஆம் ஆண்டிலேயே இதுபோன்ற ஒன்றை அளந்து காட்டினார். ஒரே மாதிரி வரும் ஒலிகளுக்கு நடுவே ஒன்று மாறினால், கேட்பவர் கவனிக்காவிட்டாலும் அரை நொடிக்குள் மூளையில் ஒரு மின் அதிர்வு தோன்றுகிறது.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியின்றி இரண்டே நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்பதை அக்குழந்தைகள் அதற்குள் பிடித்துக்கொண்டன. பொருள் தெரியாது, யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. சுப்ஹானல்லாஹ்!

உங்கள் மகன் செய்வதும் அதுதான். அரபு மொழி அவனுக்குத் தெரியாது. வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம். ஆனாலும் இந்தச் சொல்லுக்குப் பின் அந்தச் சொல் என்று நூறு முறை ஓதி ஓதி, மூளை பாதை போட்டுக்கொள்கிறது. நாவு ஒரு சொல்லில் இருக்கும்போதே அடுத்த சொல் தயாராகிவிடுகிறது.

அப்படியானால் எங்கே தடுமாறுகிறான்? பாதை பிரியும் இடத்தில்! சூரத்துல் அன்ஆம் 151ஆம் ஆயத்தையும், சூரத்து பனீ இஸ்ராயீல் 31ஆம் ஆயத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் வறுமையின் காரணத்தால் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்கின்றன. சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், உணவளிப்பதைக் கூறும்போது முதலாவதில் பெற்றோர் முந்துகின்றனர். இரண்டாவதில் பிள்ளைகள் முந்துகின்றனர். ஒலியை மட்டும் நம்பிப் போகும் பிள்ளை, அதிகம் ஓதிய பாதையில் போய்விடுவான். நன்றாகக் கற்ற மூளை என்பதால்தான் இந்தத் தவறு வருகிறது.

அங்கே கைகொடுப்பது பொருள்தான். முதல் ஆயத்தில் பெற்றோர் ஏற்கெனவே வறுமையில் இருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு முதலில் ஆறுதல். இரண்டாவதில் பிள்ளையால் வறுமை வந்துவிடுமோ என்ற பயம். அதனால் பிள்ளையின் உணவுக்கு முதலில் உறுதி. தப்ஸீர் ஆசிரியர்கள் இப்படி விளக்கியிருக்கிறார்கள். இதை ஒருமுறை தமிழில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எளிதில் தவற மாட்டான்.

எனவே, வீட்டில் இப்படிச் செய்யுங்கள். அவன் தாவும் இடங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒத்த இரு ஆயத்துகளையும் அடுத்தடுத்து, நிறுத்தி ஓதச் சொல்லுங்கள். தர்ஜமாவைப் பார்த்து வேறுபாட்டைச் சொல்லுங்கள். முஸ்ஹப் பிரதியை அடிக்கடி மாற்றாதீர்கள். பழைய பாடத்தைத் தினமும் ஓதட்டும். கட்டப்பட்ட ஒட்டகத்தைக் கவனிப்பவனைப் போல ஹாபிழ் இருக்க வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து.

அடியால் இந்த இடம் சரியாகாது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த பாதையும் மறந்துபோகும். நானும் ஆரம்ப காலத்தில் இப்படித் தடுமாறிய ஒரு மாணவனை அடித்திருக்கிறேன். அவன் ஓதலை விட்டுப் போனான். இன்றும் அது என் நெஞ்சில் இருக்கிறது. பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையும் கடிந்து பேசவில்லை என்று ஓதிக்கொடுத்தவன்தான் நான்.

சகோதரியே, ஓதலை நிறுத்தாதீர்கள். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் ஹஸ்ரத்திடம் அந்தக் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். அதன் பிறகும் கை ஓங்கினால், வகுப்பை மாற்றுங்கள். குர்ஆனை மாற்ற வேண்டாம். அல்லாஹ் உங்கள் மகனை ஹாபிழாக்கி, உங்கள் கண்களைக் குளிரச் செய்வானாக! ஆமீன்.