மண்பாதையும் நம் பிள்ளைகளின் சைக்கிளும்

ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரி போகிற போக்கைப் பார்த்தால், பெண்ணைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் எங்கள் வல்லக்கோட்டைப் பக்கத்தில் பிள்ளைகள் சுற்றானாலும் மண்பாதையில் போய்விடுகிறார்கள். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது, சரி; பாதையை நாம்தானே பார்த்துக்கொள்ளணும்?

மண்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். ஐப்பசி மழையில் ஈரத்தோடு ஓட்டினால் டயர் தடம் பள்ளமாகும். அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால்! செருப்பில் சேறு ஒட்டுகிற அன்று இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மண்ணைக் கொட்டினால் மறுபடி சேறுதான். தாழ்ந்த பக்கமாகச் சரித்து, மண்வெட்டியால் நீர் வடிய வழி செய்யுங்கள். (ஏரிக்கரையில் மட்டும் கை வைக்காதீர்கள், ஊருக்கே ஆபத்து.) அமெரிக்காவில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் 1988-ல் இதற்கெல்லாம் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அங்கேயும் ஓட்டுகிறவர்களே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ச் செப்பனிடுகிறார்கள்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் கிளைகளைப் பாதையில் விடவே கூடாது. டயர் பஞ்சரானால் ஒட்டிக்கொள்ளலாம், காலில் ஏறினால்? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ரணஜன்னி ஊசி வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மஞ்சளை அப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இந்த வேலைக்குப் பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். பையன்கள் மட்டும் போனால், கிரிக்கெட் மைதானத்துக்குப் போகிற வழியைத்தான் முதலில் செப்பனிடுவார்கள்!