எத்தனை கிலோ ஈயம்?

அண்ணன் மகள் அடுத்த மாதம் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகிறாள். ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சியை முடித்த பிறகு அவளுக்கு இதுதான் முதல் பயணம். போன வாரம் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, இடுப்புல ஈயம் கட்டுவாங்களாமே? கொஞ்சம் கூடவே கட்டிக்கச் சொல்லுங்க. தண்ணி இழுத்துட்டுப் போயிடாம இருக்கும்” என்றார்.

அண்ணியைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சி முடித்த கையோடு தியோமான் போயிருந்தேன். படகில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு 9 கிலோ ஈயத்தைக் கட்டிவிட்டார். அப்போது என் எடை 72 கிலோ. போட்டிருந்தது 3 மில்லிமீட்டர் உடைதான். “கூட இருந்தா நல்லதுதான்” என்றார். எல்லாரும் இறங்கிய பிறகு நான் மட்டும் மேலே மிதந்துகொண்டிருந்தால் மானம் போய்விடுமே என்று தலையாட்டினேன்.

கல்லைப்போல் இறங்கினேன். பவளப்பாறையில் கால் இடிக்காமல் இருக்க, காற்று நிரப்பும் மேலங்கியை உப்பவைத்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் படுத்த வாக்கில் மீனைப்போல் போக, நான் நின்ற வாக்கில் சைக்கிள் மிதித்தேன். அரை மணி நேரத்தில் சிலிண்டர் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. திரும்பி ஏறும்போது, 8 மீட்டர் ஆழத்தில் மேலங்கி பலூனாக உப்பி என்னை மேலே இழுக்கத் தொடங்கியது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வர வேண்டியவன், நிற்காமலே நீர்மட்டத்தில் வந்து விழுந்தேன். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வந்ததால் நுரையீரல் தப்பியது.

எடை கூடினால் கீழேதானே போக வேண்டும், மேலே ஏன் போனேன்? காரணம் இதுதான். தேவைக்கு மேல் 4 கிலோ ஈயம் இருந்தால், அதைச் சமன்செய்ய மேலங்கியில் ஏறக்குறைய 4 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே 4 லிட்டராக இருக்கும் காற்று, மேலே வர வர விரிந்து 8 லிட்டராகிவிடும். உடனுக்குடன் அதை வெளியேற்றத் தெரியாத புதியவரை அந்தக் காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும்.

மறுநாள் வேறொரு வழிகாட்டியுடன் போனேன். வயதானவர், எல்லாரும் அவரை ‘பாங்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் 9 கிலோ என்றதும் சிரித்துவிட்டு, படகு ஓரத்திலேயே சோதித்துப் பார்க்கச் சொன்னார்.

அந்தச் சோதனை எளியது. கால் எட்டாத ஆழத்தில், எல்லாக் கருவிகளையும் அணிந்து, மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். மேலங்கியின் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். காலை உதைக்காமல், வழக்கமான ஒரு மூச்சை இழுத்து நிறுத்துங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். மூச்சை நிறுத்தும்போதே அமிழ்ந்தால் எடை அதிகம். விட்ட பிறகும் அமிழாவிட்டால் குறைவு. ஒவ்வொரு கிலோவாக மாற்றிப் பாருங்கள். மூச்சை நிறுத்துவது மேலே செய்யும் இந்தச் சோதனைக்கு மட்டும்தான். ஆழத்தில் ஒருபோதும் கூடாது.

ஒரு கணக்கை மறக்கக் கூடாது. காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 50 பாருக்கு வரும்போது அதில் சுமார் 2 கிலோ போய்விடும். நீங்கள் அவ்வளவு இலேசாகிவிடுவீர்கள். அதனால் முக்குளித்து முடிந்ததும், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது சோதிப்பதே நல்லது. நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தாலும் ஆபத்துதான். கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவீர்கள்.

நீச்சல் குளத்தில் பார்த்த கணக்கும் கடலுக்கு உதவாது. உப்புநீர் கூடுதலாகத் தூக்குவதால், என்னைப் போன்றவருக்கு 2 கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். உடை தடித்தால் ஈயம் கூடும். அலுமினிய சிலிண்டருக்குப் பதில் எஃகு என்றால் குறையும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சிலர் சொல்வது தொடக்கத்துக்கு மட்டும்தான். புதியவர்கள் அமிழாமல் தவிப்பதற்குப் பல நேரம் ஈயம் காரணமில்லை. பயத்தில் நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக்கொண்டு காலையும் உதைப்பார்கள்.

அன்று பாங் என் 9 கிலோவை 5 ஆக்கினார். அதே கடல், அதே உடை, அதே அளவு சிலிண்டர். 50 நிமிடம் கீழே இருந்தேன். அன்றுதான் முதல்முறையாக ஒரு கடலாமையை நிதானமாகப் பார்த்தேன்.

அண்ணன் மகளுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உடை, சிலிண்டர், கடலா குளமா, எத்தனை கிலோ என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை படகில் யாராவது மேலும் கீழும் பார்த்து எடை சொன்னால், அவள் தன் எண்ணைச் சொல்லலாம். அவசரத்தில் ஈயத்தை ஒரே இழுப்பில் கழற்றவும் வீட்டிலேயே பழகிக்கொண்டாள்.

அண்ணியிடம், “கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் அண்ணி. அளவா கட்டிக்கிட்டா போதும், நல்லபடியா வந்துடுவா” என்றேன். அண்ணி நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்தார்.