மிஞ்சியவர்களின் பாட்டு

“ராக் இசை என்றாலே காதைப் பிளக்கும் ஓசைதான்; அதில் கருத்து ஏது?” என்று கேட்போர் நம்மிடையே பலர் உண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஸ்பானிய மொழிப் பாடல்கள் சிலவற்றின் பொருளை மொழிபெயர்ப்பின் துணையால் அறிந்த பின்னரே என் எண்ணம் மாறியது.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் காணாமற் போயினர். வாய் திறந்து பேசினால் ஆபத்து. அந்நாளில், 1980இல், ‘செரூ ஹிரான்’ குழுவின் சார்லி கார்சியா, ஆலிஸ் என்னும் சிறுமியின் அற்புத உலகக் கதையைக் கையில் எடுத்தார். மேலோட்டமாகக் கேட்டால் சிறுவர் கதை. ஊன்றிக் கேட்டால் நாட்டு நடப்பு!

அண்டை நாடான சிலியிலோ பினோசேயின் கொடுங்கோல் ஆட்சி 1973 முதல் 1990 வரை நீடித்தது. அங்கே சாந்தியாகோ நகரின் சான் மிகெல் பகுதியில் பள்ளித் தோழர் மூவர் ‘கைதிகள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு அமைத்தனர். அவர்களுள் ஒருவரான ஹோர்ஹே கோன்சாலெஸ் எழுதிய ‘மிஞ்சியவர்களின் நடனம்’ என்னும் பாடல் 1986இல் வெளிவந்தது. ‘படித்தால் உயரலாம்’ என்று நம்பிப் படித்த ஏழை மாணவர்கள், வேலையின்றித் தெருவில் கல்லை உதைத்துத் திரியும் நிலையை அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

தனித்தன்மை என்பது நீண்ட முடியும் கிதாரும் அல்ல. ஒருவர் மறைத்துச் சொன்னார். மற்றவர் உடைத்துச் சொன்னார். இருவரும் இரவல் குரலில் பாடவில்லை. அதுவே தனித்தன்மை என்பேன்.

மனவுறுதி எங்கே என்று கேட்கலாம். சிலிப் பாடல் ‘நாளை நமதே’ என்று ஆறுதல் கூறவில்லை. ஆனால், ‘நான் வேண்டாதவன்’ என்று ஒருவன் தனியே முணுமுணுத்தால் அது வெட்கம். அதையே பலர் கூடித் தாளத்தோடு பாடினால் வெட்கம் விலகிவிடுகிறது. குற்றம் தன்னுடையது அன்று என்பது அவனுக்குப் புரிகிறது. உறுதி பிறக்கும் இடம் அதுவன்றோ?

2019இல் சாந்தியாகோவில் சுரங்க இரயில் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் மூட்டிய கிளர்ச்சி நாடெங்கும் பரவியபோது, மக்கள் தெருக்களில் இப்பாடலையே பாடினர். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் பாட்டு வாழ்கிறதே என்று மகிழ்ந்தேன். உடனே வருத்தமும் தோன்றியது. பாட்டு வாழ்கிறதென்றால், அதைப் பிறப்பித்த குறையும் வாழ்கிறது என்பதுதானே பொருள்!

நண்பர்களே, வெறும் ஓசை என்று ஒதுக்குமுன் ஒருமுறை பொருளைக் கேளுங்கள். கதவு அடைக்கப்பட்டவன் மெல்லத்தான் தட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?